60-ஐ விட 48 சீராக ஓடுகிறது

விட்சர் 3 என்ற கணினி விளையாட்டை என் மடிக்கணினியில் தடங்கல் இல்லாமல் ஓட வைக்கும் வேலை ஒரு நல்ல கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை, அதாவது நொடிக்கு 144 தடவை படத்தைப் புதுப்பிப்பது. கார்டின் வேகத்துக்கு ஏற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் ஃப்ரீசிங்க், ஜி-சிங்க் இரண்டும் கிடையாது, அதனால் வி-சிங்க் (படம் நடுவில் கிழிந்து தெரியாமல் இருக்க, திரை புதுப்பிக்கும் நேரம் வரை காத்திருந்து காட்டும் அமைப்பு) போட்டுத்தான் விளையாடுகிறேன். காட்டு வழியில் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள்) சுலபமாக நிற்கும். ஆட்டத்தில் வரும் நோவிகிராட் நகருக்குள் நுழைந்தால் 50-க்கு இறங்கி ஏறும். அதைவிட என்னை உறுத்தியது வேறு: 60 அசையாமல் நிற்கும் இடத்தில்கூட, கேமராவை மெதுவாகத் திருப்பினால் மரங்கள் விட்டு விட்டு நகர்ந்தன.

ஃபிரேம்களை அளக்கவும் வரம்பு வைக்கவும் உதவும் ரிவாட்யூனர் மென்பொருளில், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரத்தைக் காட்டும் ஃபிரேம் டைம் கோட்டைப் போட்டுப் பார்த்தேன். 16.7 மில்லிசெகண்டில் ஓரளவு நேராகத்தான் போகிறது. அப்படியானால் கார்டு ஒழுங்காகத் தருகிறது, திரையில் ஏறும்போதுதான் சிக்கல்.

144-ஐ 60-ஆல் வகுத்தால் 2.4 வரும். ஒரு ஃபிரேமை 2.4 தடவை காட்டத் திரையால் முடியாது. எனவே ஐந்து ஃபிரேம்களில் மூன்றை இரண்டிரண்டு தடவையும் மற்ற இரண்டை மும்மூன்று தடவையும் காட்டிக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. ஒன்று 13.9 மில்லிசெகண்ட் நிற்கும், அடுத்தது 20.8. கேமரா ஒரே வேகத்தில் திரும்பினாலும் கண்ணுக்கு நொண்டுவது போலத் தெரிவது இதனால்தான்.

சரி, 144-ஐ மீதமில்லாமல் வகுக்கும் எண்ணுக்கே போவோம் என்று ரிவாட்யூனரில் 48 என்று வரம்பு வைத்தேன். இப்போது எல்லா ஃபிரேமும் மும்மூன்று தடவை, சரியாக 20.8 மில்லிசெகண்ட். அதே மரங்கள், அதே திருப்பம், காட்சி வழுக்கிக்கொண்டு போகிறது! எண்ணிக்கையில் 12 குறைந்தும் இது 60-ஐ விட நன்றாக இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். நோவிகிராட் சந்தையிலும் 48-ஐக் கார்டு தாங்குகிறது. கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்ததால் விசிறிச் சத்தமும் தணிந்துவிட்டது.

செட்டிங்ஸில் பெரிதாக எதுவும் தொடவில்லை. முடியையும் ரோமத்தையும் நுணுக்கமாகக் காட்டும் ஹேர்வொர்க்ஸை அணைத்தேன், செடிகொடிகள் தெரியும் தூரத்தை மீடியத்துக்கு இறக்கினேன். இந்த இரண்டும்தான் அதிகம் தின்பவை. டெக்ஸ்ச்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரம்) குறைத்துப் பார்த்ததில் எஃப்பிஎஸ் அசையவே இல்லை, திரும்ப ஏற்றிவிட்டேன்.

ஒரு விலை உண்டு. மவுஸை நகர்த்துவதற்கும் திரை பதில் சொல்வதற்கும் இடையே சிறு தாமதம் கூடியிருக்கிறது. வாள் சண்டைக்கு இது பரவாயில்லை. வேலரன்ட் மாதிரி சுடும் ஆட்டத்துக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். அங்கே வி-சிங்கை அணைத்துவிட்டு, படம் நடுவில் கிழிந்தாலும் எவ்வளவு எஃப்பிஎஸ் வருமோ அவ்வளவையும் விடுவதுதான் சரி.

இன்னும் தீராதது ஒன்று. குதிரையை விரட்டிக்கொண்டு புதுப் பகுதிக்குள் போகும்போது ஃபிரேம் டைம் கோட்டில் ஊசி போல ஒரு முனை எழும்பி, ஆட்டம் ஒரு நொடிக்கும் குறைவாகத் திக்குகிறது. ஃபிரேம் வரம்பு இதற்கு உதவவில்லை. ஆட்டம் இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது, அங்கிருந்து படித்து முடிக்கும் நேரம்தான் காரணம் என்று படுகிறது. அடுத்து, இன்னும் வேகமாகப் படிக்கும் எஸ்எஸ்டி சேமிப்புக்கு மாற்றிவிட்டு அதே பாதையில் குதிரையை ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒப்பிட்டுப் போடுகிறேன்.