எண்ணூர்க் கழிமுகத்தில் கற்றது: பல்துறை ஆய்வுக்கு வருவோருக்கு

பல்துறை ஆய்வில் சேர விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது, எந்தெந்தத் துறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளிலிருந்து தூய நீர், உடல்நலம், கடல்வாழ் உயிர்கள் என மூன்றை எடுத்து, வேதியியல், பொதுச் சுகாதாரம், சமூகவியல் ஆகியவற்றை அவற்றின் எதிரே எழுதினேன். திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் கேள்வி என்று ஒன்று இருக்கவில்லை.

கேள்வி கிடைத்தது, அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில். திங்கட்கிழமைதோறும் காலை 10 மணிக்கு அங்கே நீர் மாதிரி எடுத்தேன். உப்பின் அளவு ஒரு வாரம் கூடியது, மறுவாரம் குறைந்தது. ஏதோ ஓர் ஆலை வாரம் விட்டு வாரம் கழிவைத் திறந்துவிடுகிறது என்று எண்ணி, அதற்கு விளக்கமும் எழுதத் தொடங்கிவிட்டேன். காட்டுக்குப்பத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “தண்ணி ஏறும்போது எடுத்தியாம்மா, வத்தும்போது எடுத்தியா?” என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரம், நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால் ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரமாகிறது. ஒரு திங்கட்கிழமை 10 மணிக்கு ஏறி நிற்கும் கடல்நீர், அடுத்த திங்கட்கிழமை அதே நேரத்தில் வற்றியிருக்கும். நான் வரைந்து வைத்திருந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஓதத்தினுடையது. மாதிரிகள் அனைத்தையும் மீண்டும் எடுத்தேன். களத்து மக்களிடம் முடிவைச் சொல்லப் போவதற்கு முன்பே முறையைச் சொல்லிக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

துறைகளுக்கிடையேயும் சொற்கள் இடறும். நஞ்சின் தாக்கத்துக்கு ஒருவர் எவ்வளவு ஆளாகிறார் என்பதைச் சுகாதாரத் துறை நண்பர்கள், வீட்டுக்கும் புகைபோக்கிக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொண்டு கணக்கிட்டிருந்தார்கள். இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களோடு ஒரு நாள் முழுவதும் இருந்துவிட்டு வந்த சமூகவியல் மாணவி, நீருக்குள் நின்ற நேரத்தையும் கையிலுள்ள வெட்டுக்காயங்களையும் சேர்க்கச் சொன்னார். மக்களிடம் கேட்கும் கேள்விப் பட்டியலே மாறியது. எனவே முதல் மாதத்திலேயே, ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் எதைக் கொண்டு அளக்கப் போகிறீர்கள் என்று எல்லோரும் சேர்ந்து எழுதிவிடுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள்.

இப்போது என் களக் குறிப்பேட்டில் தேதிக்கு அடுத்த கட்டம் ஓத நேரத்துக்கானது. அதைப் பெரியவரிடம் காட்டினேன். காற்றின் திசைக்கும் ஒரு கட்டம் போடச் சொன்னார்.