சீட்டில் ஜோசெஃப், செடியில் தில்லியே?

பால்கனித் தொட்டியில் இருக்கும் டீ ரோஜா (தேயிலை மணம் என்று பெயர் வாங்கிய பழைய ரோஜா இனம்) இந்த வருஷம் தாராளமாகப் பூத்துவிட்டதால், தள்ளிப்போட்ட வேலையை ஆரம்பித்தேன்: அது யார் என்று கண்டுபிடிப்பது. வாங்கும்போது கட்டியிருந்த சீட்டில் ‘ஆர்ஷிதுக் ஜோசெஃப்’ என்று இருக்கிறது. பிரான்ஸின் தென்கரையில் உள்ள கோல்ஃப் ஜுவானில் நபோனான் என்ற ரோஜா வளர்ப்பாளர் 1892-ல் வெளியிட்ட ரகம். ஆனால் இந்தப் பெயரில் விற்கும் செடிகளில் பல, பெர்னே என்ற இன்னொரு வளர்ப்பாளர் 1891-ல் வெளியிட்ட ‘மொஸ்யூ தில்லியே’தான் என்று பழைய ரோஜாப் பிரியர்கள் ரொம்ப நாளாக வாதாடுகிறார்கள்.

அந்தக் கால விலைப்பட்டியல்கள் கைகொடுக்காது. ‘இளஞ்சிவப்பு, நடுவில் செம்பு நிறம், பெரிய பூ, மணம் உண்டு’ என்பது மாதிரி ஒரே வரி. அது எத்தனையோ ரோஜாக்களுக்குப் பொருந்தும். பாரிஸை ஒட்டிய லாய் லே ரோஸில் ஜூல் கிராவ்ரோ 1899-ல் தொடங்கிய ரோஜாத் தோட்டத்துக்குப் போய், டீ ரோஜாக்களின் பக்கத்திலேயே நின்று கண்ணைப் பழக்கினேன்.

அடையாளம் காண முதலில் கைவிட்டது நிறத்தை. ‘மாரி வான் ஹூத்’ (லியோன், 1871) வெண்மஞ்சளில் விரிந்து, ஓரத்தில் ஏறும் சிவப்பு வானிலைக்கு ஏற்பக் கூடும், குறையும். டீ ரோஜாக்களிடம் இந்தக் குணம் சகஜம், அதனால் பூவின் போட்டோ ஒன்றை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பூக்காம்பு, முள், பூவுக்கு அடியில் இருக்கும் உருண்டையின் வடிவம், இதழ் அடுக்கு, இவைதான் உருப்படியான சாட்சிகள். ‘ஜெனரல் ஷாப்ளிகின்’ (நபோனான், 1878) காம்பைப் பாருங்கள், மொட்டுக்குக் கீழே கொக்கியாக வளைந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் போதும், அப்புறம் அதைத் தவறவிட முடியாது.

சரி, என் செடி? சின்னச் சின்ன இதழ்கள், ஓடு வேய்ந்த மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. முழுக்க விரிந்ததும் செங்கல் சிவப்பில் ஊதா கலந்து தெரிகிறது. ஜோசெஃப் என்றால் இதழ் இன்னும் அகலமாகவும், நடுவில் செம்பும் பொன்னும் கலந்தும் இருக்க வேண்டும். எனவே தில்லியே பக்கம்தான் சாய்கிறேன்.

இலையுதிர்காலப் பூக்களையும் பார்த்துவிட்டுத்தான் சீட்டை மாற்றுவேன். உறைபனி இந்த இனத்துக்கு ஆகாது. அதற்குள் குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்து, தொட்டியைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நகர்த்திவிட வேண்டும்.