ஐப்பசி மழையும் அம்மாவின் நாட்காட்டியும்

புரட்டாதி பிறந்ததிலிருந்து கார்த்திகை முடியும் வரை எங்கள் வீட்டில் எது எப்போது நடக்க வேண்டும் என்பதை இருவர் தீர்மானிக்கிறார்கள். ஒருவர் வானத்தில் இருக்கிறார். மற்றவர் சமையலறைக் கதவின் பின்பக்கத்தில் பஞ்சாங்க நாட்காட்டியைத் தொங்கவிட்டிருக்கும் என் அம்மா. ரொறன்ரோவில் வசிக்கும் தங்கை, இதே மாதங்களில் பிள்ளைகளுடன் தோட்டத்துக்குப் போய் அப்பிள் பறிப்பதையும், பூசணிக்காய்களை வாங்கி வாசற்படியில் அடுக்குவதையும், மேப்பிள் இலைகளைக் கூட்டிக் குவிப்பதையும் படம் பிடித்து அனுப்புவாள். கொழும்பில் இலை உதிரும் காலம் என்று தனியாக ஒன்று இல்லை. ஆனாலும் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கடற்பக்கப் பல்கனியில் நின்றால் பருவம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். யூலையில் ஏறக்குறைய ஆறரை மணிக்கு மறையும் சூரியன், நவம்பர் நடுப்பகுதியில் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மறைந்துவிடுகிறது. மறையும் இடமும் வலப்பக்கத்திலிருந்து நகர்ந்து கல்கிசைப் பக்கமாக இடப்புறம் வந்துவிடுகிறது.

மே மாதத்திலிருந்து செப்ரெம்பர் வரை எங்களுக்குத் தென்மேல் பருவப்பெயர்ச்சி. வடகீழ் பருவப்பெயர்ச்சி டிசம்பரில்தான் நிலைகொள்ளும். இடையில் வரும் ஒக்ரோபரிலும் நவம்பரிலும் காற்று எந்தத் திசையிலும் உறுதியாக வீசாது. காலையில் வெயில் சுள்ளென்று எரிக்கும், கடற்காற்று ஈரத்தை உள்ளே தள்ளிக்கொண்டு வரும், மத்தியானத்துக்குப் பின் நகரத்தின் கிழக்கே முகில் கறுத்து எழும்பும், இரண்டு மணி தாண்டியதும் இடியோடு கொட்டும். ஒக்ரோபரில் மட்டும் கொழும்பில் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி பாடசாலை விடும் நேரத்தில்தான் பெய்கிறது என்று என் மனைவி அடித்துச் சொல்வாள். வானிலை அவதான நிலையத்திடம் இதற்கான கணக்கு இருக்குமோ தெரியாது, காலி வீதியில் மகனை ஏற்றிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வரும் எவரும் அதை மறுக்கமாட்டார்கள்.

இந்த மழையின் முதல் சுமை உடுப்புக் காயவைப்பது. இலங்கையில் பாடசாலைச் சீருடை வெள்ளை என்பதால் ஒரு நாள் உடுத்ததை மறுநாளும் உடுத்த முடியாது. தோய்த்ததும் ஒரே நாளில் காய்ந்தாக வேண்டும். ஆகவே மனைவி அதிகாலை ஐந்து மணிக்கே தோய்த்துப் பல்கனியில் போட்டுவிடுவாள். மத்தியானம் ஒரு மணி ஆனதும், நான் வீட்டிலிருந்து வேலை செய்யும் நாளாக இருந்தால், அம்மாவின் குரல் வரும்: "தம்பி, உடுப்பெல்லாம் உள்ளுக்கு எடுத்திட்டியே?" வெயில் பளீரென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், முகிலைக் கண்டபின் ஓடினால் பாதி நனைந்துவிடும். உள்ளே வந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. சீருடைக்கு மின்விசிறியின் நேர் கீழே இடம். துவாய்களைக் கதிரைகளின் முதுகில் விரிப்போம். காலுறைகள் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தில், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் சூடாக இருக்கும் இடுக்கில் தொங்கும். அப்படியும் காயாமல் எஞ்சும் கழுத்துப் பட்டியையும் சட்டைப்பைத் தையலையும் காலையில் ஸ்திரிக்கைப் பெட்டிதான் உலர்த்துகிறது. அந்த நேரத்தில் எழும் ஈரத் துணியின் ஆவி மணமும் பக்கத்து அடுப்பில் இடியப்பம் அவியும் மணமும் கலந்து வீட்டை நிறைப்பதை நான் வேறு எந்த மாதத்திலும் உணர்ந்ததில்லை.

மின்னல் தொடங்கியதும் றவுட்டரையும் தொலைக்காட்சியையும் செருகியிலிருந்து கழற்றிவிடுவோம். ஏப்ரலும், ஒக்ரோபர் நவம்பரும் இலங்கையில் மின்னல் மிகுந்த மாதங்கள் என்பதால் இதில் அம்மா சொல்வதை எவரும் எதிர்ப்பதில்லை. இணையம் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் மகளும் மகனும் அப்பம்மாவுடன் தாயம் விளையாடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நுளம்புக்குரியது. டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக மாறுவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும் என்பதால், வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். பூச்சாடிகளின் அடித்தட்டு, பல்கனி வடிகாலின் மூலை, குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் நீர் சேரும் தட்டு ஆகிய மூன்றையும் பிள்ளைகளே பார்க்கிறார்கள். தட்டைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டைகள் ஈரமில்லாமலும் பல மாதங்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று மகள் பாடசாலையில் கற்றுவந்து எங்களுக்கே பாடம் எடுத்தாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தன் பூச்சாடிகளைக் காட்டுவதற்காகவே அவள் காத்திருக்கிறாள். அதே ஞாயிறு காலையில் ஏழு மணிக்குத் தங்கையின் வீடியோ அழைப்பும் வரும். அங்கே அப்போது சனி இரவு ஒன்பதரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் அழைப்பு எட்டு மணிக்கு நகர்ந்துவிடும். அந்த மேலதிக ஒரு மணி நேரத் தூக்கத்தைத்தான் நான் இலையுதிர்காலத்தின் என் பங்காகக் கொள்கிறேன்.

இனி நாட்காட்டிக்கு வருகிறேன். புரட்டாதிச் சனிக்கிழமைகளில் அம்மா கோயிலுக்குப் போய் எள்ளுப் பொட்டலம் எரித்துவிட்டு வந்து, மரக்கறிச் சமையல் முடிந்ததும் ஒரு பிடி சோற்றைக் காகத்துக்கு வைப்பார். யாழ்ப்பாணத்தில் காகத்தைக் கூப்பிட வேண்டியிருந்ததாம். கொழும்பில் அது மதிற்கரையில் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்கும், பருப்புக் குறைந்தால் முறைத்தும் பார்க்கும்.

இந்தச் சனிக்கிழமைகளை ஒருவாறு சமாளிக்கலாம். அடுத்து வருவதுதான் நீளம். நவராத்திரி, அமாவாசைக்கு அடுத்த பிரதமை தொடங்கி நவமி வரை ஒன்பது திதிகள். அது முடிந்த மறுநாளான விசயதசமியன்று கேதாரகௌரி விரதம் தொடங்கி ஐப்பசி அமாவாசை வரை இருபத்தொரு நாள் போகும். அந்த அமாவாசைக்கு அடுத்த பிரதமையில் கந்தசஷ்டி தொடங்கி ஆறாம் நாள் சூரசம்மாரம். ஒன்பதும் இருபத்தொன்றும் ஆறும் கூட்டினால் முப்பத்தாறு. நடுவில் ஒரு திதிகூட வெற்றாக விடப்படவில்லை. இதை வகுத்தவர் யாராக இருந்தாலும் நல்ல கணக்காளர். என் அம்மா மூன்றையும் பிடிக்கிறார். வீட்டில் ஒருவர் விரதம் என்றால் அடுப்பும் விரதம் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இதில் என் தனிப்பட்ட கவலை மீன் பற்றியது. தென்மேல் பருவப்பெயர்ச்சி காலத்தில் மேற்குக் கரைக் கடல் கொந்தளிப்பாக இருப்பதால் சிறு படகுகள் அதிகம் இறங்குவதில்லை. பேலியகொடைச் சந்தைக்கு ஆழ்கடல் படகுகள் கொண்டுவரும் பெரிய மீன்களையே அந்த மாதங்களில் கூடிய விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறோம். ஒக்ரோபரில் கடல் அடங்கியதும் கரைவலை மறுபடி இழுக்கத் தொடங்குவார்கள், சூடையும் கீரி மீனும் பாரைக்குட்டியும் கண் மங்காமல் பளபளவென்று தட்டுக்கு வந்து சேரும். சரியாக அந்தக் கிழமைகளில்தான் எங்கள் அடுப்பு மூடப்படுகிறது. சந்தையில் எனக்கு வழக்கமாக மீன் வெட்டித் தரும் சிங்கள ஐயா என்னைக் கண்டதும், "இன்றைக்கும் கோயில் நாள்தானே, மாத்தயா?" என்று கேட்டுவிட்டு, வாங்கமாட்டேன் என்று தெரிந்தும் ஒரு சூடை மீனின் செவுளைத் திறந்து சிவப்பைக் காட்டுவார். நான் முருங்கைக்காயும் வாழைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்புவேன்.

மரக்கறியில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். பூசணிக்காயைத் தோலோடு பெரிதாக வெட்டி, கடைசியில் வறுத்த தேங்காய்ப்பூவும் மிளகும் அரைத்துச் சேர்க்கும் மனைவியின் கறிக்கு முன்னால் பாரைக் குழம்பை நான் சில நிமிடங்கள் மறந்துவிடுவதுண்டு. மழைக்குளிரில் எல்லோருக்கும் தடிமன் வரும்போது கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரும், இரவில் உள்ளி தட்டிப் போட்ட இரசமும் தொடர்ந்து அடுப்பில் இருக்கும்.

தீபாவளி இந்த முப்பத்தாறுக்குள் விழுகிறது. யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் அன்று ஆட்டிறைச்சிக் கறி இல்லாமல் தீபாவளி இல்லை. கௌரி விரதம் பிடிக்கும் வீட்டிலோ அதற்கு இடமில்லை. பிள்ளைகள் இந்தச் சிக்கலுக்குத் தாங்களே தீர்வு கண்டுவிட்டார்கள். காலையில் எண்ணெய் தேய்த்து முழுகி, புது உடுப்புடன் கோயிலுக்குப் போய் வந்து, மத்தியானம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமா வீட்டுக்கு "வாழ்த்துச் சொல்ல"ப் போகிறார்கள். திரும்பி வந்ததும் அப்பம்மா இருவரையும் சுவாமி அறைப் பக்கம் வரும் முன் கைகால் கழுவச் சொல்வார். என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார்.

பலகாரம் சுடுவது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னரே, அதுவும் காலையிலேயே முடிய வேண்டும். பிற்பகல் ஈரக்காற்றில் முறுக்கு ஆறுவதற்குள்ளேயே நமத்துவிடும். சில வேளை இடியோடு மின்சாரமும் போய்விடும். முறுக்கு மாவை மனைவி பிழிகிறாள். எண்ணெயின் சூட்டை அம்மா ஒரு துளி மாவு போட்டுப் பார்த்துச் சொல்கிறார். எனக்கும் மகளுக்கும் பயற்றம் பணியாரம். வறுத்துத் தோல் நீக்கி இடித்த பயற்றம்மாவில் தேங்காய்ப்பூ, ஏலம், மிளகுத்தூள் சேர்த்து, சீனிப்பாகு சூடாக இருக்கும்போதே ஊற்றிக் குழைத்து உருட்ட வேண்டும். பாகு ஆறினால் மா உதிரும், அதிகமானால் உருண்டை உட்கார்ந்துவிடும். உள்ளங்கை சிவக்கும் சூட்டில்தான் அது சொன்னபடி கேட்கும். பிறகு மஞ்சள் கலந்த கோதுமைமாக் கரைசலில் தோய்த்து எண்ணெயில் விட்டால் சுற்றிவர ஒரு சிறு வால் முளைக்கும். அந்த வாலைக் கிள்ளித் தின்பது மகனின் வேலை, அதற்காகவே சமையலறை வாசலில் நிற்பான். ஆறியவுடன் தகரப் பெட்டியில் தாள் விரித்து அடுக்கி, மூடிக்கு மேல் ஒரு பொலித்தீனும் கட்டிவிடுவோம். மேல்மாடியில் இருக்கும் சிங்களக் குடும்பத்துக்கும், எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும், கீழ்மாடிக் கத்தோலிக்க அக்காவுக்கும் தட்டுக் கொடுத்தனுப்புகிறோம். மேல்மாடிக்காரர்களுக்கும் இது ஓய்வில்லாத காலம். வப் போயா என்ற பௌர்ணமி நாளுடன், பிக்குமார் மழைக்காலத்தில் விகாரையிலேயே தங்கும் வஸ் காலம் முடிந்து, அவர்களுக்கு அங்கி வழங்கும் கட்டின வழிபாடுகள் தொடங்குவதால், சில நாட்களில் பறையொலியுடன் வீதியில் போகும் ஊர்வலம் விடியுமுன் எங்களை எழுப்பிவிடும்.

இந்தக் காலத்துக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. ஒக்ரோபரில் இந்தியாவிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து சேரும். பின்வீதியில் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கும் பழைய வீட்டின் மாமரத்தடியில், காலையும் மாலையும் வெளிச்சம் மங்கலாக இருக்கும் நேரத்தில் இரண்டு சுரத்தில் கூவும். பறந்து வந்த களைப்பில் ஒருமுறை எங்கள் மாடிப்படியிலேயே ஒன்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. பச்சை முதுகும் செந்நிற அடிவயிறும் கண்ணைக் கடந்து போகும் கறுப்புப் பட்டையுமாக இருந்த அதை, மகன் காலணிப் பெட்டியால் மூடி வைத்துப் பின்னேரம் மாமரத்தடியில் விட்டான். அந்த வீட்டையும் தொடர்மாடியாக்கப் போகிறார்கள் என்று கேள்வி.

சூரசம்மாரம் முடிந்த மறுநாள் பாறணை. அதற்கு அடுத்த நாள் நான் சந்தையில் நிற்பேன். அதிலிருந்து கார்த்திகை விளக்கீடு வரை எங்களுக்குச் சில ஆண்டுகளில் ஒரு மாதமும் சில நாட்களும், சில ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு வாரமும் மட்டுமே கிடைக்கின்றன, அவற்றிலும் வெள்ளிக்கிழமைகளையும் கார்த்திகைச் சோமவாரங்களையும் கழிக்க வேண்டும். விளக்கீட்டன்று ஊரில் வளவெல்லாம் தீப்பந்தம் நட்டதாக அம்மா சொல்வார். தொடர்மாடியில் பந்தம் நட்டால் நிர்வாகக் குழுவின் கடிதம் வரும். எனவே பல்கனி விளிம்பில் மண் சிட்டிகளும், மழை வந்தால் அவற்றின் பின்னால் தடுப்பாக நிறுத்த மாவரி தட்டும் தயாராக இருக்கும். மறுநாள் ஓடுகளில் சிந்திய எண்ணெயை அரப்புப் போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு.

விளக்கீட்டுப் பௌர்ணமி கழிந்ததும் விநாயகர் பெருங்கதை விரதம் தொடங்கி மார்கழி வளர்பிறைச் சஷ்டி வரை இன்னொரு இருபத்தொரு நாள் வருகிறது. அதே நேரத்தில்தான் கீழ்மாடி அக்கா நத்தார் கேக்குக்கான வேலையில் இறங்கியிருப்பார். முந்திரிப்பருப்பு, உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், பூசணித் தோசி என்ற சீனிப்பாகில் பதப்படுத்திய பூசணித் துண்டு எல்லாவற்றையும் பொடியாக வெட்டுவதற்கு ஒரு பின்னேரம் எங்கள் குடும்பம் முழுவதும் அவருடைய மேசையைச் சுற்றி உட்கார்கிறது. முட்டை சேர்வதால் அம்மா தின்னமாட்டார், ஆனால் எல்லோரையும்விட நுணுக்கமாக வெட்டுகிறவர் அவர்தான். அந்தக் கேக் வைக்க வைக்கச் சுவை கூடும் வகை என்பதால், அம்மாவின் துண்டை அக்கா எண்ணெய்த் தாளில் தனியாகச் சுற்றி, சஷ்டி முடியும் திகதியை மேலே எழுதி எடுத்து வைக்கிறார்.