அம்மாவோடு ஒரு பப்புக்கு

அம்மா ஆறு மாத விசாவில் பர்மிங்காம் வந்து மூன்றாவது வாரம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பழைய பப்புக்குப் போகலாம் என்றேன்.

"ஏட்டி, சாராயக் கடைக்கா என்னைய கூட்டிட்டுப் போற?"

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் டாஸ்மாக் இருக்கும் தெரு வந்தாலே பெண்கள் நடையை எட்டிப் போடுவோம். இங்கே வந்த முதல் வருஷம் நானும் பப் வாசல் மிதித்ததில்லை. அலுவலகத்தில் ஒருவரை வழியனுப்பப் போனபோதுதான் முதல் முறை. சீக்கிரம் போய்விட்டதால் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து, யாராவது வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் எனக் காத்திருந்தேன். அரை மணி நேரம்! நாமே கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, காசு கொடுத்து, கிளாஸைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பது அதுவரை தெரியாது. அங்கே வரிசை என்று எதுவும் இருக்காது. ஆனாலும் அடுத்தது யார் முறை என்பது நிற்பவர்களுக்கெல்லாம் தெரியும்.

நாங்கள் போனது வூஸ்டர்ஷயரில் ஈவ்ஷாம் பக்கம், பிரட்ஃபோர்ட்டன் என்ற கிராமம். காரில் ஒரு மணி நேரம். ஊர் நடுவில் மரச்சட்டம் போட்ட, கறுப்பு வெள்ளையாக ஒரு வீடு. பெயர் ஃப்ளீஸ் இன். உள்ளே நுழையும்போது என் கணவர் தலையைக் குனியத்தான் வேண்டியிருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய வீடு. 1848-இல்தான் பப் ஆனது. அந்த வம்சத்தில் வந்த லோலா டாப்ளின் என்ற அம்மாள் கடைசி வரை தானே நடத்தி, 1977-இல் இறந்தபோது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். சிப்ஸ் பாக்கெட் விற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டதாகவும் சொல்கிறார்கள். 2004-இல் கூரை தீப்பிடித்தது. அதையும் பழையபடியே சரிசெய்திருக்கிறார்கள்.

அம்மா வாசலிலேயே கொஞ்சம் தயங்கினாள். உள்ளே ஒரு தாத்தா பேப்பர் படிக்கிறார், அவர் காலடியில் நாய் தூங்குகிறது. பக்கத்து மேசையில் ஒரு குழந்தை உருளைக்கிழங்கைத் தரையில் போட்டு விளையாடுகிறது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. சரி என்று உட்கார்ந்தவள், அடுக்கில் இருந்த பழைய ஈயத் தட்டுகளை எண்ண ஆரம்பித்தாள். "இதையெல்லாம் யாரு விளக்கிப் போடுவா?" என்பதுதான் அவள் முதல் கவலை.

அப்புறம் கணப்படுப்புக்கு முன்னால் தரையைப் பார்த்தாள். கல்லின் மேல் வெள்ளையாக வட்டங்கள். புகைக்கூண்டு வழியாகச் சூனியக்காரிகள் வீட்டுக்குள் இறங்கிவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் போட்டது என்றேன். விட்டுவிடாமல் மேலே மேலே வரைந்து வந்திருக்கிறார்கள். அம்மா எழுந்து போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"புள்ளி வைக்காமப் போட்டிருக்கா" என்றாள். குறை சொன்னாளா, பாராட்டினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மே மாதம் என்பதால் அஸ்பாரகஸ் என்ற பச்சைத் தண்டு வந்தது, உருக்கிய வெண்ணெயோடு. இந்த வட்டாரமே அதற்குப் பேர் போனது. மே கடைசியில் இதே பப்பில் கட்டுக்கட்டாக ஏலம் விடுவார்கள். நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம் என்றேன். "அது மருந்துல்லா" என்று சொல்லி ஒரு குச்சியை மட்டும் தின்றாள். மாப்பிள்ளை தட்டில் இருந்த வறுத்த கோழியும், மாவைச் சுட்டெடுத்த யார்க்‌ஷயர் புட்டிங்கும் அவளுக்குப் பிடித்திருந்தன. குழம்பு மட்டும்தான் சப்பென்று இருந்ததாம்.

நான் அரை பைன்ட் ஏல் வாங்கினேன். அது இங்கத்து பியரில் ஒரு வகை. வண்டி ஓட்டுவது அவர் என்பதால் அவருக்கு எலுமிச்சைச் சாறு. அம்மா எதிரில் குடிப்பதா என்று கார் ஏறும்போதே யோசித்தேன். நாற்பது வயதில் ஒளித்துக் குடிப்பது அதைவிட அசிங்கம் என்று தோன்றியது.

இந்த ஏல், நம் ஊர் பியர் மாதிரி பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சியில் வராது. பீப்பாய்க்குள்ளும் ஈஸ்ட் உயிரோடிருந்து நொதித்துக்கொண்டே இருக்கும். நிலவறையில் 11 முதல் 13 டிகிரியில் வைத்து, கைப்பிடியை இழுத்து இழுத்து ஏற்றுவார்கள். முதன்முதலில் குடித்தபோது, பழசாகிப் போனதைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பழகிய பின் மற்றது இறங்குவதில்லை.

அம்மா கிளாஸை வாங்கி முகர்ந்தாள்.

"நீத்தண்ணி புளிச்ச வாசம் அடிக்கி" என்று திருப்பித் தந்தாள். வேறு எதுவும் சொல்லவில்லை. நான் மெதுவாகக் குடித்து முடித்தேன்.

அன்று ராத்திரி பாளையங்கோட்டைச் சித்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "அறுநூறு வருசத்து வீடு பாத்துக்கோ. அடுப்புக்கு முன்னால கோலம் போட்டு வச்சிருக்கா. அங்கேயே சாப்பாடும் போடுதா."

பப் என்ற வார்த்தை கடைசி வரை வரவில்லை.