தோற்றவர்களும் முன்னேறிய கோப்பை: 1945–46 பருவத்தைத் தொகுத்த அனுபவம்

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்துப் பருவங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே தாளில் அடங்கும் அட்டவணையாக்குவது என் பொழுதுபோக்கு. பெரும்பாலான பருவங்கள் வம்பு செய்வதில்லை. வென்ற அணியின் பெயரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்திக்கொண்டே போகலாம். 1945–46 என்னை அப்படிப் போகவிடவில்லை.

போருக்குப் பிறகு கோப்பை திரும்பிய முதல் பருவம் அது. முழுமையான லீக் இன்னும் தொடங்கவில்லை. அணிகளுக்குக் கூடுதல் ஆட்டமும் வருமானமும் கிடைக்கட்டும் என்று, முதல் சுற்றிலிருந்து காலிறுதி வரை ஒவ்வொரு ஜோடியையும் இரண்டு முறை மோதவிட்டார்கள். மொத்த கோல் கணக்கில்தான் தீர்ப்பு. ஒரு ஆட்டத்துக்கு ஒரு கட்டம் என்று நான் போட்டிருந்த தாள் அங்கேயே உதவாமல் போனது. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டாகப் பிளந்து, தேதியும் சேர்த்து எழுதத் தொடங்கினேன்.

தகவல் தேடியது பழைய நாளிதழ்களின் ஸ்கேன் பிரதிகளில். காகிதத் தட்டுப்பாட்டுக் காலம் என்பதால் பல ஆட்டங்களுக்கு நாலு வரிச் செய்தி கிடைத்தாலே அதிர்ஷ்டம். அச்சும் மங்கல். நான்காவது சுற்றில் பிராட்ஃபோர்டு பார்க் அவென்யூ தன் மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1–3 என்று தோற்றிருந்தது. அடுத்த ஆட்டத்தில் சிட்டியின் மைதானத்திலேயே 8–2 என்று வென்றதாகப் படித்ததும், 3தான் 8 போலத் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்தது. வேறொரு நாளிதழும் அதையே சொன்ன பிறகுதான் எழுதினேன்.

ஸ்டாக்போர்ட்டும் டான்காஸ்டரும் 203 நிமிடம் ஆடி, இருட்டியதால் நிறுத்திய ஆட்டமும் கண்ணில் பட்டது. சேர்க்க ஆசைதான். ஆனால் அது மூன்றாம் டிவிஷன் வடக்குப் பிரிவுக் கோப்பை என்ற வேறொரு போட்டி, விட்டுவிட்டேன்.

கை நின்றது காலிறுதியில். போல்டன், ஸ்டோக், இரண்டாவது ஆட்டம், 1946 மார்ச் 9, போல்டனின் பர்ன்டன் பார்க் மைதானம்: 0–0. அன்று கூட்ட நெரிசலில் 33 பேர் இறந்தார்கள். ஆட்டத்தை நிறுத்தியவர்கள் சிறிது நேரத்தில் மீண்டும் தொடங்கி, இடைவேளைகூட விடாமல் முடித்தார்கள். உடல்கள் மைதானத்தின் ஓரத்திலேயே கிடத்தப்பட்டிருந்தன. ஆடியிருக்கவே கூடாது என்பது என் எண்ணம். முடிவுகள் மட்டும் போதும் என்ற என் விதியை அந்த இடத்தில் தளர்த்தி, தாளின் வலப்பக்கம் குறிப்புக்கு ஒரு பத்தி ஒதுக்கினேன்.

பத்தி வந்தபின் வேறு சிலவற்றுக்கும் இடம் கிடைத்தது. மூன்றாவது சுற்றில் ஃபுல்ஹாமிடம் ஒரு ஆட்டத்தில் தோற்ற சார்ல்டன், மொத்தக் கணக்கில் தப்பி இறுதிப் போட்டி வரை போனது. தோல்வியோடு அங்கே சென்ற முதல் அணி அதுதான். வெம்ப்ளியில் டெர்பி கவுன்டிக்கு எதிராக நடந்த அந்த இறுதிப் போட்டியில் சார்ல்டனின் பெர்ட் டர்னர் முதலில் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ளினார். ஒரு நிமிடத்துக்குள் ஃப்ரீ கிக்கில் ஈடுகட்டினார். அவர் பெயரை இரு அணிகளின் கோல் வரிசையிலும் எழுத வேண்டியிருந்தது. பிறகு ஆட்டத்தின் நடுவே பந்தே வெடித்தது. கூடுதல் நேரத்தில் டெர்பி கவுன்டி மூன்று கோல் அடித்து 4–1 என்று வென்றது. அந்த அணிக்கு இன்றுவரை கிடைத்த ஒரே எஃப்.ஏ. கோப்பை அது.

இப்போது 1946–47 தாள் மேசைக்கு வந்திருக்கிறது. பழையபடி ஒற்றை ஆட்டம்தான், கோப்பை இந்த முறை சார்ல்டனுக்கு. ஆனால் அந்த இறுதிப் போட்டியிலும் பந்து வெடித்திருக்கிறது. குறிப்புப் பத்தி அப்படியே இருக்கட்டும்.