பேட்டை லேத் பட்டறையில் அப்ரண்டிஸ் சேர்த்த அனுபவம்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்ன லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறை. ரைஸ்மில்லுக்கு ஷாஃப்ட், புல்லி, புஷ் என்று வருகிற வேலைதான் அதிகம். பையன்களுக்கு வேலை பழக்குவது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் கை பழகியதும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறிவிடுவார்கள், பழகியதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்களிடம் இருக்காது. அதனால்தான் தேசிய தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஒரு பையனைச் சேர்த்துப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் இது. 1961-ஆம் ஆண்டு பழகுநர் சட்டப்படி சேர்க்கிற அப்ரண்டிசுக்கு நாம் தர வேண்டிய உதவித்தொகையில் கால் பங்கை அரசு ஏற்கும். நான் சேர்த்த சமயம் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தபட்சம் 7,000 ரூபாய். கால் பங்கு 1,750 வரவேண்டும், ஆனால் உச்சவரம்பு 1,500. மீதி 5,500 நம் கையிலிருந்து. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடங்களுக்கு அப்ரண்டிஸ் எடுப்பது கட்டாயம். எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்கு நம் விருப்பம்தான்.

இணையதளத்தில் பட்டறையைப் பதிவு செய்வது பெரிய வேலையில்லை. நம் ஆடிட்டரே முடித்துக் கொடுத்துவிடுவார்.

சிக்கல் பையனின் காகிதங்களில்தான் வந்தது. சேரன்மகாதேவியிலிருந்து வருகிற பையன், டர்னர் (லேத் வேலை) படித்தவன். ஐ.டி.ஐ. சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பெயருக்குப் பின்னால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், ஆனால் கணினிக்கு அது வேறு ஆள். ஆதாரைத் திருத்தி வந்த பிறகுதான் அவனுடைய அப்ரண்டிஸ் ஒப்பந்தம் பதிவானது.

அப்புறம் பணம். முன்பெல்லாம் அரசின் பங்கை நாம் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு கேட்டு வாங்க வேண்டும். 2023-லிருந்து அது நேராகப் பையனின் வங்கிக் கணக்குக்கே போகிறது. நல்ல மாற்றம். ஆனால் எங்கள் பங்கு மாதாமாதம் போனதே தவிர, அரசுப் பங்கு வரவில்லை. அவன் அம்மா போன் செய்து, "அண்ணாச்சி, அரசாங்கப் பணம்னு சொன்னீங்களே, இன்னும் ஒண்ணும் வரலையே" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த ஆயிரத்து ஐந்நூறில் அவன் ஒரு மாத பஸ் செலவு அடங்கிவிடும். விசாரித்தால், அவன் கணக்கில் ஆதார் எண் இருந்ததே ஒழிய, அரசு மானியம் வந்து சேர்வதற்கான இணைப்பை வங்கியில் செய்யவே இல்லை. இரண்டும் வேறு வேறு. வங்கியில் படிவம் எழுதிக் கொடுத்த பிறகுதான் சரியாயிற்று. புதிதாகச் சேர்க்கிறவர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. அப்ரண்டிசுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை. அதற்காக அவன் பாதுகாப்பை விட்டுவிட முடியாது. விபத்து என்றால் இழப்பீடு முதலாளி பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. நான் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டேன். லேத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்கு அதைக்கூடச் செய்யாமல் எப்படி?

மாதம் 1,500 மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம் என்பேன். எனக்குக் கிடைத்த பெரிய பலன், பயிற்சிக்கென்று இருக்கிற பாடத்திட்டம். முன்பெல்லாம் புதுப் பையன் என்றால் பல மாதம் லேத்தில் விழும் இரும்புச் சுருள் அள்ளுவதும் டீ வாங்குவதும்தான். இப்போது டேப்பர் டர்னிங், மரை வெட்டுவது, போரிங் என்று வரிசையாகச் சொல்லித்தந்தே ஆக வேண்டும். கடைசியில் அகில இந்தியத் தொழில் தேர்வு இருக்கிறதே! எங்கள் மூத்த டர்னர் முதலில் முணுமுணுத்தார். இப்போது அவரே அளவு பார்க்கிற மைக்ரோமீட்டரை அவன் கையில் கொடுத்து, "நீ பார்த்துச் சொல்லுடே" என்கிறார். தேர்வில் தேறினால் தேசிய பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். எந்த ஊருக்குப் போனாலும் காட்டலாம்.

பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் இவனை இங்கேயே வைத்துக்கொள்ளத்தான் நினைக்கிறேன், அதற்கேற்ற சம்பளமும் பேசியாயிற்று. அடுத்து ஒரு ஃபிட்டர் வேண்டும். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் சொல்லி வைத்திருக்கிறேன்.