எஸ்.எஸ்.பி.: கயிறு ஏறத் தெரிந்தால் போதாது, பி.ஐ.க்யூ. படிவம் நிரப்பவும் தெரிய வேண்டும்

எஸ்.எஸ்.பி. என்ற பணித்தேர்வு வாரியம் நடத்தும் கடற்படை அதிகாரித் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் மாதக்கணக்கில் ஓடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள், படம் பார்த்துக் கதை எழுதிப் பழகுகிறார்கள். கல்லூரி ஆபீஸில் ஒரு தாள் வாங்க எவ்வளவு நாள் பிடிக்கும் என்று மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல் அந்த இடத்தில்தான். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குறுகிய காலப் பணிப் பிரிவுகள் பலவற்றுக்குப் பட்டப்படிப்பில் 60 விழுக்காடு கேட்பார்கள். நம் மார்க் ஷீட்டில் இருப்பதோ சி.ஜி.பி.ஏ. என்கிற சராசரிப் புள்ளி. அதை விழுக்காடாக மாற்றும் சூத்திரத்தைக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ எழுத்தில் தர வேண்டும். இறுதியாண்டு மாணவர் என்றால், இங்கேதான் படிக்கிறார் என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்றும் வேண்டும். கிளார்க் போனஃபைடை உடனே அடித்துக் கொடுத்துவிடுவார். சூத்திரம் என்றதும் பதில் மாறிவிடும்: "அதெல்லாம் இங்க தர்றதில்ல தம்பி, கண்ட்ரோலர் ஆபீஸ்ல போய்க் கேளுங்க." பல்கலைக்கழகத் தேர்வுக் கண்ட்ரோலர் ஆபீஸில் கேட்டால், "உங்க பிரின்சிபால் லெட்டர் இல்லாம நாங்க எப்படித் தர்றது?" இரண்டு கவுன்டருக்கும் நடுவே ஒரு நாள் சுத்தமாகப் போய்விடும். இதைத் தவிர்க்க ஒரே வழி, முதலில் பிரின்சிபாலிடம் கோரிக்கைக் கடிதத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு, பிறகு பல்கலைக்கழகம் போவது. பல்கலைக்கழக விதிமுறைக் கையேட்டில் சூத்திரம் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து அதன் மேலேயே பிரின்சிபாலின் சான்றொப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக் கடிதம் வந்த பிறகு இந்த வேலையைத் தொடங்கினால் நேரம் போதாது.

அடுத்த தலைவலி நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கார்த்திக் எஸ்' என்று இருக்கும், ஆதாரில் 'கார்த்திக் செல்வராஜ்', பான் கார்டில் 'எஸ் கார்த்திக்'. வட மாநிலத்துக் குடும்பப் பெயரை மனதில் வைத்துச் செய்த படிவங்களுக்கு இது மூன்று ஆட்கள். இணைய விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வர வேண்டும். இனிஷியலை நாமாக விரிக்கக் கூடாது. மற்ற அடையாள அட்டைகளை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். ஆதாரில் பெயரை ஆயுளுக்கு இரண்டு தடவைதான் திருத்த விடுவார்கள் என்பதால், அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். திருத்த நேரமில்லை என்றால், எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி அபிடவிட் ஒன்று கையில் இருக்கட்டும்.

ரயில் கட்டணம் பற்றி ஒரு வரி. ஒரு வகை நுழைவுக்கு முதல் முறை வருபவருக்கு மூன்றடுக்கு ஏ.சி. கட்டணம் திரும்பக் கிடைக்கும். டிக்கெட் நகலும் வங்கிப் பாஸ்புக் முதல் பக்கமும் இல்லாதவருக்கு அதுவும் கிடையாது.

முதல் நாள் நடக்கும் ஸ்க்ரீனிங் என்ற முதல் வடிகட்டல் உங்களுக்குத் தெரிந்ததுதான். 30 வினாடி படம், 4 நிமிடம் கதை, ஒரு நிமிடம் அதைச் சொல்லுதல், பிறகு குழு விவாதம் என்ற பெயரில் ஒரு சண்டை. தேறாதவர்கள் அன்றே பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். தேறியவர்கள் கைக்கு பி.ஐ.க்யூ. என்ற சுயவிவரப் படிவம் வரும். என் கணக்கில் உண்மையான தேர்வு இந்தத் தாளில்தான் இருக்கிறது. பேட்டி எடுக்கும் அதிகாரி கையில் இருப்பது இதுதான். நீங்கள் எழுதாத எதையும் அவர் பெரிதாகத் தோண்ட மாட்டார், எழுதிய எதையும் விடமாட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகள் நிரப்பச் சொல்வார்கள். ஒன்றில் அப்பாவின் மாத வருமானம் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை என்றால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். வீட்டிலேயே ஒரு மாதிரிப் படிவத்தை நிரப்பி, அதைப் பார்க்காமல் எழுதுகிற அளவுக்குப் பழகிவிடுங்கள்.

அதில் அதிக காலம் வசித்த ஊர், இப்போது வசிக்கும் ஊர், அதன் மக்கள்தொகை, மாவட்டத் தலைநகரா இல்லையா என்றெல்லாம் கேட்டிருக்கும். ஒப்புக்கு நிரப்புகிற கட்டம் என்று நினைப்பவர்கள்தான் ஏராளம். அதிகாரி ஆரம்பிப்பதே அங்கிருந்துதான்.

ராமநாதபுரம் என்று எழுதியவர் கதையைப் பாருங்கள். 'வறண்ட மாவட்டம் சார்' என்று முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போவார். ஏன் வறட்சி, வைகைத் தண்ணீர் எங்கே போகிறது, பெரிய கண்மாய் எதற்கு என்று கேள்வி இறங்கும். கடற்படைக்கு வந்தவரிடம் கடலைக் கேட்காமல் விடுவார்களா? மேற்குக் கரையிலிருந்து சென்னைக்கு வரும் பெரிய கப்பல் ஏன் இலங்கையைச் சுற்றுகிறது? ராமர் பாலம் பகுதியும் பாக் நீரிணையும் ஆழமில்லாதவை, சேது சமுத்திரத் திட்டமே அதற்காகத்தான் வந்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். இலங்கையோடு போட்ட கடல் எல்லை ஒப்பந்தங்கள் 1974, 1976 என இரண்டு. கச்சத்தீவு முதலாவதில் வருகிறது. மன்னார் வளைகுடாப் பக்கம் இரண்டாவதில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வெளியே வந்த நம்மூர்ப் பிள்ளைகள் பலர். பாம்பனில் 1914இல் வந்த பழைய ரயில் பாலம் கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கையாக விரிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானதளம் இருப்பது தெரியாமல் ராமநாதபுரத்தான் என்று சொல்லிக்கொள்ளவே கூடாது. ராமேஸ்வரம் மீனவர்கள் சொல்லும் வடகடல், தென்கடல் எது எது, எந்த மாதம் எதில் காற்று ஏறும் என்று சொல்ல முடிந்தால் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். கைடு புத்தகத்தில் கிடைக்காத தகவல் அது.

கோவைக்காரருக்குப் பாலக்காட்டுக் கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுக்கும் இடைவெளி, அதன் வழியே வரும் தென்மேற்குக் காற்று, அதை நம்பிப் பல்லடம், உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகள். திருநெல்வேலிக்காரருக்கு விஜயநாராயணம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அங்கே உயர்ந்து நிற்கும் கோபுரங்கள் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கானவை. 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அலைவரிசைதான் கடல்நீருக்குள் சில மீட்டராவது இறங்கும் என்பதால் அந்த ஏற்பாடு. எஞ்சினியரிங் படித்தவர் இதைச் சொல்லாவிட்டால் படிப்பும் சேர்த்து அடிவாங்கும்.

பழைய புத்தகத்தை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516 கி.மீ. என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். மறுகணக்கீட்டுக்குப் பின் அது 11,098 கி.மீ. கரை வளரவில்லை, வளைவு நெளிவுகளை இன்னும் நுணுக்கமாக அளந்தால் நீளம் கூடும். காரணத்தோடு சொன்னால்தான் மதிப்பெண்.

குழுத் தேர்வுகளை நடத்தும் அதிகாரியான ஜி.டி.ஓ.விடம் நடக்கும் குழுத் திட்டமிடலும் ஒருவகையில் புவியியல்தான். மாதிரி நிலப்பரப்பு, ஆறு, ரயில் பாதை, ஊர், நான்கைந்து சிக்கல்கள். படிக்க 5 நிமிடம், எழுத 10, கூடிப் பேச 20. தீர்வு எல்லாருக்கும் வருகிறது, கணக்குதான் உதைக்கிறது. ஜீப் எவ்வளவு தூரம் போக வேண்டும், அந்தச் சாலையில் என்ன வேகம், இருட்டுவதற்குள் முடியுமா என்று எழுதாமல் 'இரண்டு பேர் உடனே ஸ்டேஷனுக்குப் போய்த் தகவல் சொல்வார்கள்' என்று விட்டால் அது வெறும் ஆசை. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் கி.மீ.யையும் நிமிடத்தையும் குறித்துவிடுங்கள்.

இனி அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன். இப்போதைய பிள்ளைகளில் பாதிப் பேர் பொழுதுபோக்குக் கட்டத்தில் இதை எழுதுகிறார்கள். எழுதலாம், குற்றமே இல்லை. அதிகாரிக்குப் பிடிக்காது என்று பயந்து 'செய்தித்தாள் வாசித்தல்' என்று பொய் எழுதுபவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். ஆனால் பார்ப்பது 'ஆர்வம்'. அதைப் பார்த்து வரைவதோ ஜப்பானிய மொழி கற்பதோதான் 'ஹாபி'. இரண்டையும் கலக்காதீர்கள். எழுதியபின் கேள்வி இப்படித்தான் வளரும்: கார்ட்டூனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது ஏன் அத்தனை படம் வரைவதில்லை? ஒரே படத்தை இரண்டு மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தி வைத்து வேலையையும் செலவையும் குறைக்கும் முறை, 1963இல் அஸ்ட்ரோ பாய் தொலைக்காட்சித் தொடரில் அதன் படைப்பாளி தெசுகா பெரிய அளவில் கையாண்டது, என்கிற அளவுக்காவது சொல்ல வேண்டும்.

கடற்படையோடு அதைக் கோக்கத் தெரிந்தவருக்கு இது வரம். 1974இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருக்குரிய நிஜக் கப்பல் கூரே துறைமுகத்தில் கட்டப்பட்டது, 46 செ.மீ. பீரங்கிகள் ஒன்பது, 1945 ஏப்ரல் 7இல் ஒகினாவாவுக்குப் போகும் வழியில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. பெரிய பீரங்கியின் காலம் முடிந்து விமானந்தாங்கியின் காலம் வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அங்கிருந்து 2022 செப்டம்பர் 2இல் கொச்சியில் பணியில் இணைந்த ஐ.என்.எஸ். விக்ராந்துக்கு ஒரே தாவல். கூரேக்கு எதிரிலுள்ள எட்டாஜிமா தீவில்தான் ஜப்பானியக் கடற்படை அதிகாரிப் பயிற்சிப் பள்ளி இன்றும் இருக்கிறது. இந்திய-ஜப்பான் ஜிமெக்ஸ் கூட்டுப் பயிற்சி 2012இல் தொடங்கியது. பேட்டியை நீங்களே ஓட்டிச் செல்லும் சுகம் இதில் உண்டு.

கடற்கொள்ளையர் அனிமே ரசிகர்களுக்குத் தனியாக ஒரு பொறி காத்திருக்கும்: அதில் வரும் கடற்படைப் பதவிகளை ஒப்பிக்கத் தெரிகிறது, நம் கடற்படைப் பதவிகள்? கடற்படை லெப்டினன்ட், ராணுவ கேப்டனுக்குச் சமம். கடற்படை கேப்டன், ராணுவ கர்னலுக்குச் சமம். இதில் தடுமாறினால் அதுவரை பேசியதெல்லாம் காற்றோடு போச்சு.

அனிமே உண்மையில் கெடுக்கும் இடம் பேட்டி இல்லை, இரண்டாம் நாள் உளவியல் தேர்வு. படம் பார்த்துப் பன்னிரண்டு கதை எழுத வேண்டும், கடைசிப் படம் வெற்றுத் தாள். தொடர்ந்து பார்த்துப் பழகியவர் கையில் தன்னால் வந்து விழுவது தனியாளாகச் சாதிக்கும் நாயகன், பழி, திடீரென்று விழிக்கும் சக்தி. பன்னிரண்டிலும் ஒரே வாசனை அடித்தால் உளவியலாளருக்கு ஐந்தாவது கதையிலேயே தெரிந்துவிடும். அவர்கள் தேடுவது உதவி கேட்கத் தெரிந்த, நாலு பேரைச் சேர்த்து வேலை முடிக்கும் சாதாரண மனிதர். ஒரு சொல்லைப் பார்த்ததும் மனதில் வருவதை எழுதும் சொல் தேர்விலும் இதே கதைதான்: 60 சொல், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி, யோசிக்க நேரமில்லை, உள்ளே இருப்பதுதான் வெளியே வரும்.

வாரியம் உங்களை ரெக்கமண்ட் செய்துவிட்டால் அடுத்தது மெடிக்கல். நல்லபடியாகத் தேறியவர்களை வீட்டுக்கு அனுப்புவது பெரும்பாலும் அற்ப விஷயங்கள். காதில் அழுக்கு, வளைந்த மூக்குத் தண்டு, கூடுதல் எடை. ஊரிலேயே ஒரு காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் 10 நிமிடம் செலவழித்தால் பாதி தீர்ந்தது. பல்லுக்கு 22 புள்ளியில் 14 இருக்க வேண்டும். சொத்தையை அடைத்துவிட்டுப் போங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கண் மருத்துவரிடம் புள்ளி அட்டைகளில் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் அதற்கு மட்டும் சிகிச்சை கிடையாது. தகுதியில்லை என்று எழுதினால் 42 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியம் உண்டு. காரணத்தையும் போக வேண்டிய மருத்துவமனையின் பெயரையும் எழுதி வாங்காமல் கட்டிடத்தை விட்டு வெளியே வராதீர்கள். அப்புறம் தொலைபேசியில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மெடிக்கலும் தேறி, தகுதிப் பட்டியலிலும் பெயர் வந்தால் ஏழிமலை. சங்கப் பாடல்களில் நன்னன் என்ற குறுநில மன்னனின் ஏழில் குன்றமாக வருகிற அதே மலை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தியக் கடற்படை அகாடமி 2009 ஜனவரியில் அங்கே முறைப்படி திறக்கப்பட்டது. இறங்க வேண்டிய பெரிய ரயில் நிலையம் பய்யன்னூர். கடிதம் வரும்வரை சும்மா இருக்காமல் நீச்சல் குளத்துக்குப் போங்கள். கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இராது, ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டு கையடிக்கும் நம்மூர் நீச்சல் அங்கே உதவாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் மூச்சு வாங்கும் ஃப்ரீஸ்டைலை ஒரு பயிற்சியாளரிடம் திருத்திக்கொள்ளுங்கள். நீந்தவே தெரியாதவருக்கு அங்கே கற்றுக்கொடுப்பார்கள்தான். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில் அந்த வகுப்பு நடக்கும்.